மழைநீருக்கு மண்வழியா, கற்காரை வழியா?

வானம் பொய்த்தாலும் அழுகிறோம். வானம் பெய்தாலும் அழுகிறோம். தமிழ்நாட்டின் தலைநகர்க்கு வாய்த்திருக்கும் இவ் விழிநிலை இயற்கை தந்ததன்று, நாமே தேடிக்கொண்டது. 2015 திசம்பரில் அடையாற்றங்கரை மக்கள் மொட்டை மாடிகளில் ஏறி நின்று, ஒரு பொட்டலம் சோற்றுக்காக வானூர்தியை நோக்கிக் கையேந்தினர். அதன்பின் நான்காண்டு நிரம்பவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அதே நகரம் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு நீர்த்தேக்கங்களும் வறண்டு வெடித்தன. அவ்வாண்டு சூலை 12-ஆம் நாள், சோலையார்ப்பேட்டையிலிருந்து 25 இலக்கம் இலிட்டர் நீரைச் சுமந்துகொண்டு ஒரு தொடர்வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு மாலையிட்டு வரவேற்பும் நிகழ்த்தினர்.

25 இலக்கம் இலிட்டர் என்றால் எவ்வளவு? ஓர் எக்டேர் நிலத்தின்மீது ஒரு செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் ஓரிலக்கம் இலிட்டர். எனவே, அத் தொடர்வண்டி கொணர்ந்த நீர், 25 எக்டேர் நிலத்தில் பெய்யும் ஒரே ஒரு செ.மீ. மழைக்கு ஈடு. சென்னையிலோ ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 140 செ.மீ. மழை பெய்கின்றது. ஒரு மனை என்று நாம் வழங்கும் 2,400 சதுர அடி நிலத்தின்மீது மட்டும் ஆண்டுதோறும் 3 இலக்கம் இலிட்டருக்கு மேல் வானம் கொட்டுகின்றது. இவ்வளவையும் கடலுக்குத் தள்ளிவிட்டு, இருநூறு கி.மீ. தொலைவிலிருந்து வண்டியில் நீர் வருவித்தோம். இதனினும் பெரிய மடமை வேறு உண்டா?

இம் மடமைக்கு ஒரு கணக்கு இருக்கின்றது. அக் கணக்கைத்தான் இத் திங்கள் நாம் எடுத்துப் பார்க்க வேண்டியுள்ளது. நகரத்தில் விழும் மழைநீரை என்ன செய்வது என்பதற்கு இன்று உலகில் இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, கற்காரை வடிகால்களையும் குழாய்களையும் அமைத்து விரைந்து வெளியேற்றுவது. இதைக் கற்காரை வழி என்போம். மற்றொன்று, மண், மரம், குளம், ஏரி, கழுவெளி ஆகியவற்றால் நீரை விழுந்த இடத்திலேயே பிடித்து, உறிஞ்சவிட்டு, மெல்ல நகர்த்துவது. இதனை மேலையர் பசுமைக் கட்டமைப்பு என்கின்றனர். நாம் மண்வழி என்போம். இரண்டில் எது சிறந்தது, எதற்கு எவ்வளவு செலவு, எதனால் யார்க்கு என்ன பயன் என்பதை உணர்ச்சிவயப்படாமல் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். ‘பழையதெல்லாம் நல்லது’ என்று கண்ணை மூடிக்கொண்டு கூறுவதும், ‘பொறியாளர் வரைந்ததெல்லாம் அறிவியல்’ என்று வாய்பொத்தி நிற்பதும் ஒருசேரத் தவறே.

முதலில் கற்காரை வழியின் வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். நெருக்கமாக வீடுகள் அமைந்துவிட்ட நகரில் வடிகால் மிகச் சிறிய இடத்தையே கேட்கின்றது. தெருவின் ஓரத்தில் ஒரு மீட்டர் அகலமிருந்தால் அதற்குப் போதும். எத்தனை மழைக்கு எத்தனை அகலம், எத்தனை சரிவு என்று முன்கூட்டியே கணக்கிட முடிகின்றது. களிமண் நிலத்தில், நீரே உறிஞ்சாத இடத்தில், வேறு போக்கிடம் இல்லாத தாழ்தெருவில் வடிகாலே உயிர்காக்கும். 2021 நவம்பரில் நாட்கணக்கில் நீரில் மிதந்த தியாகராயர் நகர் முதலிய இடங்களில், புதிய வடிகால்கள் அமைந்தபின் 2022-ஆம் ஆண்டு மழையில் நீர் விரைந்து வடிந்ததை மறைக்க வேண்டுவதில்லை. முழங்கால் அளவுச் சாக்கடை நீரில் மூன்று நாள் படுத்தெழுந்த ஏழைக்கு அவ் விரைவு பெரும்பேறு. அதை எள்ளி நகையாடுவார் அத் தெருவில் வாழ்ந்து பார்த்தவரல்லர்.

இனி, செலவுப் பக்கம். கொசத்தலையாற்று வடிநிலத்தில் மட்டும் 769 கி.மீ. நீளத்திற்கு வடிகால் அமைக்க 3,220 கோடி உரூபா என்று திட்டமிட்டனர். ஒரு கி.மீட்டருக்கு 4 கோடி உரூபாவுக்கு மேல். இதற்கு ஆசிய வளர்ச்சி வைப்பகம் கடன் தருகின்றது. கோவளம் வடிநிலத்திற்குச் செருமானிய வளர்ச்சி வைப்பகத்தின் கடன். அடையாறு, கூவம் வடிநிலங்களில் உலக வைப்பகத்தின் பணம். இக் கடன்களை அடைக்கப் போகின்றவர்கள் தில்லியில் இருப்பவர்களல்லர். ஒவ்வொரு பொருளுக்கும் வரி செலுத்தும் தமிழ்நாட்டு மக்களே. கடன் வாங்குவது குற்றமன்று. கடனால் எது கிடைத்தது என்று கேளாமலிருப்பதே குற்றம்.

என்ன கிடைக்கின்றது? எந்த வடிகாலும் ஓர் அளவுக்குள் பெய்யும் மழைக்கே கட்டப்படுவது. ஐந்தாண்டுக்கு ஒருகால் வரும் மழையைத் தாங்கும்படி கட்டினால், ஐம்பதாண்டுக்கு ஒருகால் வரும் மழை அதை ஒரு பொருட்டாகவும் மதியாது. 2015 திசம்பர் 1-ஆம் நாள் தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. 2023 திசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்சாம் புயலின்போது சில இடங்களில் 40 செ.மீட்டரைக் கடந்து கொட்டியது. 10 செ.மீ. மழை ஒரு சதுர கி.மீ. பரப்பில் பெய்தாலே விழும் நீர் 10 கோடி இலிட்டர். அதனைப் போல் நாலைந்து மடங்கு நீரை ஓரிரு நாளில் கடத்தவல்ல வடிகாலை எந்தத் தெருவில் கட்ட முடியும்? அத் தெருவையே வாய்க்காலாக்கினால்தான் முடியும்.

அடுத்து, சென்னை மட்டமான நகரம். பெரும்பகுதி கடல்மட்டத்திற்குச் சில மீட்டர் உயரத்திலேயே கிடக்கின்றது. சரிவில்லாத நிலத்தில் நீர் தானாக ஓடாது. கடல் பொங்கி, ஆற்றின் முகத்துவாரம் மணல்மேடிட்டுக் கிடக்கையில், வடிகாலின் வாயும் அடைபடும். நீர் வந்த வழியே தெருவுக்குத் திரும்பும். கொசத்தலையாற்று வடிநிலத்தின் வடிகால்கள் அனைத்தும் இறுதியில் எண்ணூர்க் கழிமுகத்தையே நம்பியுள்ளன. அக் கழிமுகமோ அனல்மின் நிலையச் சாம்பலாலும், துறைமுகக் கட்டுமானங்களாலும் தூர்ந்து குறுகியது. தொண்டையை நெரித்துவிட்டு வயிற்றுக்குள் நூறு குழாய்களைச் செருகுவதனால் ஆவதென்ன?

வடிகால் கட்டியதோடு செலவு முடிவதில்லை. ஆண்டுதோறும் மழைக்கு முன் தூர் வாரவேண்டும். மழைக்காலம் தவிர்ந்த திங்கள்களில் அதற்குள் குப்பையும் மலநீரும் ஓடுகின்றன. திருட்டுத்தனமாகச் சாக்கடை இணைப்புக் கொடுத்தவர்களால் மழைநீர் வடிகால் மலவடிகாலாயிற்று. அது கூவத்தையும் அடையாற்றையும் நாறடிக்கின்றது. கட்டுமானக் காலத்திலோ மரங்களின் வேர்களை அறுத்துவிடுகின்றனர். அடுத்த காற்றில் அவை சாய்கின்றன. மூடாமல் விட்ட பள்ளங்கள் ஆளையே விழுங்குகின்றன. 2022 அக்தோபரில் அத்தகைய ஒரு பள்ளத்தில் விழுந்து இளம் செய்தியாளர் ஒருவர் உயிர்நீத்தார். எந்த ஒப்பந்தப் புள்ளியிலும் அவ்வுயிருக்கு விலை குறிக்கப்பட்டிருக்கவில்லை.

எல்லாவற்றினும் பெரிய செலவு, கணக்கிலேயே வாராத செலவு. அது, கடலுக்குப் போன நன்னீர். மழைநீரைக் கடலுக்கு அனுப்ப ஒரு கடன் வாங்குகின்றோம். பிறகு அதே கடல்நீரை நன்னீராக்க இன்னொரு கடன் வாங்குகின்றோம். மீஞ்சூரில் 2010-இலும், நெம்மேலியில் 2013-இலும் நாளொன்றுக்குப் பத்துப் பத்துக் கோடி இலிட்டர் நன்னீராக்கும் ஆலைகள் அமைந்தன; 2024-இல் நெம்மேலியில் 15 கோடி இலிட்டர் ஆலையொன்று சேர்ந்தது; பேரூரில் 40 கோடி இலிட்டர் ஆலைக்குச் சப்பானியர் கடன். இவ்வாலைகள் மின்னாற்றலை விழுங்குவன. உவர்க்கழிவைக் கடலில் உமிழ்வன. இன்னொருபுறம், நிலத்தடியில் நன்னீர் இறங்காமையால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் பல கி.மீ. உள்ளே புகுந்து கிணறுகளை உவராக்கிவிட்டது. வடிகால் திட்டத்தின் மதிப்பீட்டையும், நன்னீராக்கும் ஆலையின் மதிப்பீட்டையும் இரண்டு துறைகள் இரண்டு அறைகளில் வைத்துக்கொண்டு பார்க்கின்றன. ஒரே மேசையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எழுத்தறியாத உழவனும் நகைப்பான்.

மண்வழியின் வரவுப் பக்கத்திற்கு வருவோம். 100 ஏக்கர் ஏரியொன்றை ஒரு மீட்டர் ஆழப்படுத்தினால் கூடுதலாக 40 கோடி இலிட்டர் நீர் நிற்கும். அது, நான்கு சதுர கி.மீ. பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் முழுமைக்கும் ஈடு. அந் நீர் வெள்ளமாகத் தாழ்தெருவில் புகாது. கோடையில் கிணற்றில் ஊறும். சுற்றுப்புறத்தின் வெப்பத்தைத் தணிக்கும். மீனும் பறவையும் அங்கு வாழும். கற்காரை வடிகால் ஒரே வேலையைச் செய்கின்றது. ஏரி ஐந்து வேலைகளைச் செய்கின்றது. வீட்டுக்கு வீடு மழைநீரைச் சேமிக்க வேண்டுமென்று 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டபின், அடுத்துவந்த மழைகளில் சென்னைக் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததைக் கண்ணாரக் கண்டோம். அதற்கு எந்த வெளிநாட்டு வைப்பகமும் கடன் தரவில்லை. ஒரு குழாயும் ஒரு குழியும் கூழாங்கல்லும் மணலுமே அதற்கு வேண்டியிருந்தன.

கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரையுள்ள கடலோர மணல்நிலத்திலும் மாநகராட்சி கற்காரை வடிகால் அமைக்க முனைந்தபோது, அங்குக் குடியிருப்போர் தடுத்துப் போராடிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். அவர்களின் கேள்வி எளியது: பெய்த மழையை அந் நேரமே குடித்துவிடும் மணலில், அந் நீரைப் பறித்துக் கடலில் கொட்டுவதற்கு வடிகால் எதற்கு? மண்ணைப் பாராமல் வரைபடத்தை மட்டும் பார்த்துத் திட்டம் தீட்டினால் இப்படித்தான் முடியும். தாள்மீது கோடு எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே ஓடும், மண்ணில் ஓடாது.

ஆயினும், மண்வழிக்கும் செலவுப் பக்கம் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நம் கொள்கைக்கும் உண்மைக்கும் இழுக்கு. முதற்செலவு, நிலம். சென்னையில் ஓர் ஏக்கர் நிலத்தின் விலை என்னவென்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. இரண்டாவது, மண்ணின் வரம்பு. கடலோர மணல் உறிஞ்சும், களிமண் உறிஞ்சாது, கிண்டி, வேளச்சேரிப் பக்கத்துப் பாறை நிலத்தில் நீர் இறங்க இடமே குறைவு. மூன்றாவது, மழையின் போக்கு. நமக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை. ஐப்பசியில் பெய்த மழையால் மண் நனைந்து, ஏரி நிரம்பியபின், கார்த்திகையில் புயல்மழை வந்தால் உறிஞ்ச என்ன இருக்கின்றது? 2015-இல் நேர்ந்தது இதுவே. நவம்பரிலேயே ஏரிகள் நிரம்பிவிட்டன. 364 கோடியே 50 இலக்கம் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. நிரம்பி வழியும் ஏரி வெள்ளத்தைத் தாங்காது. மழைக்கு முன் இடம் ஒழித்து வைத்த ஏரியே தாங்கும். எனவே, மண்வழி என்பது மரம் நடுவதோடு முடிவதன்று. எப்போது மதகைத் திறப்பது, எவ்வளவு தேக்குவது என்னும் அறிவும் அதனோடு சேரவேண்டும். நான்காவது, பேணுதல். பேணாத குளம் குப்பைமேடாகும், கொசுப்பண்ணையாகும், பிறகு மனைப்பிரிவாகும்.

உலகப் பட்டறிவும் இதையே காட்டுகின்றது. சீன நாட்டார் 2015-இல் 16 நகரங்களைத் தேர்ந்து, நீரை உறிஞ்சும் நகரங்களாக மாற்றத் தொடங்கினர். அவ்வழியிற் பெரும்பணம் செலவிட்ட செங்சோவு நகரில் 2021 சூலை 20-ஆம் நாள் ஒரே மணிநேரத்தில் 20 செ.மீ. மழை கொட்டியது. நிலத்தடித் தொடர்வண்டிக்குள் வெள்ளம் புகுந்து பயணியர் மாண்டனர். பூங்காவும் புல்வெளியும் மட்டும் பெருமழையைத் தாங்கா என்பதற்கு அது கொடிய சான்று. சப்பானியர் எதிர்வழியிற் சென்றனர். தோக்கியோவுக்கு வடக்கே 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கி.மீ. நீளச் சுரங்கத்தை 2006-இல் முடித்தனர். அதற்கு 23,000 கோடி யென் செலவாயிற்று. அஃது ஊரைக் காக்கின்றது. ஆயின், அவ்வளவு பணம் நம்மிடம் உண்டா என்பதே கேள்வி.

நடுவழி சென்றவர்களே நமக்குப் பாடமாவர். டென்மார்க்கின் கோபன்கேகனில் 2011 சூலை 2-ஆம் நாள் இரண்டு மூன்று மணிநேரத்தில் ஏறத்தாழ 15 செ.மீ. மழை பெய்து நகரம் மூழ்கியது. அந் நகராட்சியார் 2012-இல் திட்டம் வகுக்கையில் இரண்டு கணக்குகளையும் போட்டுப் பார்த்தனர். குழாய்களை மட்டும் பெரிதாக்குவதைவிட, தெருவையும் திடலையும் பூங்காவையும் நீர் தங்கும் இடங்களாக மாற்றி, வேண்டிய இடத்தில் மட்டும் சுரங்கம் அமைப்பதே செலவு குறைவு என்று கண்டனர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரும் 2011-இல் பெருஞ்சுரங்கங்களை மட்டும் நம்பாமல் 25 ஆண்டுகளுக்கு மண்வழித் திட்டம் தீட்டியது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், காலாங்கு ஆற்றின் 2.7 கி.மீ. கற்காரைக் கால்வாயை உடைத்து, 2012-இல் அதனை 3.2 கி.மீ. நீளமுள்ள வளைந்தோடும் ஆறாக மீட்டனர். அதே சிங்கப்பூரார், 2010, 2011 ஆண்டுகளில் கடைத்தெருவில் வெள்ளம் புகுந்தபின், நிலத்தடியில் 38,000 கன மீட்டர் கொள்ளும் தேக்கத்தொட்டியை 2018-இல் கட்டி முடித்தனர். ஒரு கை ஆற்றை மீட்டது. மறு கை தொட்டியைக் கட்டியது. அவர்களுக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. நமக்கு மட்டும் ஏன் இரண்டிலொன்று என்னும் வீண்வழக்கு?

இனி, நம்மிடம் என்ன இருந்தது, அதனை என்ன செய்தோம் என்பதைப் பார்ப்போம். செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே வழங்கினர். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு நீர் செல்லும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. வரத்துக்கால், கலங்கல், மதகு, தூம்பு, போக்குக்கால், தாங்கல், ஏந்தல், கழுவெளி என்று இத் துறைக்கு நம் மொழியில் இருக்கும் சொற்களை எண்ணினால், இவற்றைப் படைத்தவர்களின் அறிவின் ஆழம் புலப்படும். பயன்பாடு இல்லாத பொருளுக்குச் சொல் பிறப்பதில்லை. பள்ளமான நிலங்கண்டு நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தியதைப் புறநானூறு காட்டுகின்றது. அவ்வேரிகள் வேளாண்மைக்காக வெட்டப்பட்டவை என்பதும், ஒரு கோடி மக்கள் வாழும் நகரத்தின் வெள்ளத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்தவையல்ல என்பதும் உண்மையே. ஆயினும், ஒன்றோடொன்று இணைந்த தேக்கங்களால் நீரை மெல்ல நடத்துவது என்னும் அவ் வடிப்படைக் கருத்தைத்தான் இன்று மேலை நாட்டார் புத்தறிவாகப் பேசுகின்றனர்.

அதனை நாம் என்ன செய்தோம்? மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பேரேரியை 1920-களில் தூர்த்துத் தியாகராயர் நகரை எழுப்பினர். அது வெள்ளையன் ஆண்ட காலம். எஞ்சிய நுங்கம்பாக்கம் ஏரியையும் தூர்த்து 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுப்பினோம். அது தமிழர் ஆண்ட காலம். நீரின்றி உலகம் இல்லையென்று வான்சிறப்புக்குத் தனி அதிகாரமே வகுத்த பேராசானுக்கு, ஏரியைக் கொன்று நினைவுச்சின்னம் எடுத்த முரண்பாட்டை எந்தக் கட்சிக்காரர் மேடையிலும் கேட்டதில்லை. ஏரி போனபின் அவ்விடத்திற்கு எஞ்சியது ‘லேக்கு ஏரியா’ என்னும் ஆங்கிலப் பெயர். ஏரியும் போயிற்று, ஏரி என்னும் சொல்லும் போயிற்று. ஓட்டேரியில் ஓடும் ஓடைக்கு ‘நல்லா’ என்னும் வடவர் சொல்லையே அரசு ஏடுகளிலும் எழுதுகின்றோம். ஓடை என்று எழுதியிருந்தால் அஃது ஓட வேண்டியது என்பதாவது நினைவிருந்திருக்கும்.

பள்ளிக்கரணைக் கழுவெளி ஒருகாலத்தில் ஏறத்தாழ 5,000 எக்டேர் பரந்து கிடந்தது. குப்பை மேடும், கல்வி நிறுவனங்களும், கணினி நிறுவனங்களும், அரசு அலுவலகங்களும் அதனைத் தின்று தீர்த்தபின் சிறு பகுதியே எஞ்சியது. 2022-இல் உலக ஈரநில உடன்பாட்டின்படி அதற்குக் காப்புத் தகுதி கிடைத்தது. இடையில், ஆற்றங்கரைக் குடிசைகளை வெள்ளத்தின் பெயரால் அகற்றி, அம் மக்களைப் பெரும்பாக்கத்திற்கும் செம்மஞ்சேரிக்கும் கொண்டுபோய்த் தள்ளினர். அவ்விடங்களோ தாழ்நிலம், அங்கேயும் வெள்ளம் அவர்களைத் தேடி வந்தது. கழுவெளியில் பன்னடுக்கு மாளிகை எழுப்பியவரை அகற்றாமல், ஆற்றங்கரையில் ஓலைக்குடிசை போட்டவரை மட்டும் அகற்றுவது மண்வழியன்று. அது பசுமைப் போர்வை போர்த்த வன்செயல்.

அண்மையாண்டுகளில் சில நல்ல தொடக்கங்கள் நிகழ்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். மாநகராட்சி ஐம்பதுக்கு மேற்பட்ட உறிஞ்சு பூங்காக்களை அமைத்தது. 2024-இல் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலை அரசு மீட்டபின், அங்கு நான்கு குளங்கள் வெட்டப்பட்டன. இவை வரவேற்கத்தக்கன, ஆனால் போதாதன. ஏரியை ‘அழகுபடுத்துகிறோம்’ என்று கரையைக் கற்காரையால் பூசி, நடைபாதை அமைத்து, நீர்ப்பரப்பைச் சுருக்கி, நடுவில் நீரூற்றுப் பொறி வைக்கும் வேலை மண்வழியாகாது. அது வடிகால் ஒப்பந்தத்தார்க்கே பச்சை வண்ணம் பூசித் தரும் இன்னோர் ஒப்பந்தம்.

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தால் விடை தெளிவாகவே உள்ளது. சிறுமழையையும் நடுத்தர மழையையும் மண்வழி குறைந்த செலவிற் பிடித்துக்கொள்ளும், பயனும் பன்மடங்கு. பெருமழையில் மண்வழி மட்டும் போதாது. வடிகாலும் ஆறும் முகத்துவாரமும் திறந்திருக்க வேண்டும். வடிகாலை மட்டும் நம்பினாலோ, செலவுக்கு முடிவில்லை. கோடையில் குடிக்க நீருமில்லை. ஆகலின், முதலில் பிடித்தல், அடுத்துத் தேக்குதல், எஞ்சியதை மட்டும் வடித்தல் என்னும் வரிசையே அறிவுடைமை. இன்று நடப்பது தலைகீழ் வரிசை. முதலில் வடிக்கின்றோம், பின்னர்த் தேக்க இடமில்லையென்கின்றோம், இறுதியில் குடத்தைத் தூக்குகின்றோம்.

இதன்படி நாம் வற்புறுத்துவன இவை:

1. இனிக் கட்டப்பெறும் ஒவ்வொரு வடிகாலும் முதலில் ஒரு குளத்திற்கோ ஏரிக்கோ வரத்துக்காலாக அமைதல் வேண்டும். மிகுநீர் மட்டுமே ஆற்றுக்கும் கடலுக்கும் செல்லவேண்டும்.

2. மழைநீர் வடிகாலிலிருந்து மலநீர் இணைப்புகளை அறவே அகற்ற வேண்டும். இது நிகழாமல் முதற் கோரிக்கை நிறைவேறுமாயின் ஏரிகள் மலக்குட்டைகளாகும்.

3. மண்ணை ஆய்ந்து, மணல்நிலத்திற்கு உறிஞ்சு முறையும், களிமண், பாறை நிலங்களுக்குத் தேக்கமும் வடிகாலும் என வகுத்தல் வேண்டும். எல்லாத் தெருவுக்கும் ஒரே வரைபடம் என்பது ஒழிக.

4. எஞ்சிய ஏரி, கழுவெளி, கழிமுகங்களில் இனி ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது. அகற்றுவதாயின் பெருங்கட்டடங்களிலிருந்து தொடங்குக. ஏழைகட்கு அவர் வாழும் பகுதியிலேயே மேட்டுநிலத்தில் வீடு தருக.

5. எத் திட்டமாயினும், கட்டும் செலவோடு முப்பதாண்டுப் பேணற்செலவும், கடலுக்குப் போகும் நன்னீரின் மதிப்பும் சேர்த்துக் கணக்கிடப்பெற வேண்டும்.

6. அக் கணக்குத் தமிழில் வெளிவர வேண்டும். 1956-ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் செய்த நாட்டில், தன் தெருவைத் தோண்டும் திட்டத்தின் அறிக்கையைப் படிக்க ஒருவன் ஆங்கிலம் கற்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. படிக்க முடியாத கணக்கு, கேட்க முடியாத கணக்கு; கேட்க முடியாத கணக்கில்தான் கொள்ளை குடியிருக்கும்.

7. ஒவ்வோர் ஏரிக்கும் அதனைச் சூழ்ந்து வாழும் மக்களின் ஏரி வாரியம் அமைய வேண்டும்.

இவ்வேழாவதைச் சற்று விளக்குதல் வேண்டும். மண்வழியின் உயிர்நிலை பேணுதல் என்றோம். அதனைத் தொலைவிலுள்ள அலுவலகமோ, ஓராண்டு ஒப்பந்தத்தாரோ செய்யமாட்டார். பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்ததையும், அதற்குக் குடவோலையால் ஆள் தேர்ந்ததையும் சொல்கின்றன. அது நிலமுடைய பார்ப்பனரின் ஊரவை. உழைத்த மக்களுக்கு அதில் இடமில்லை. அக் குறையை மூடி மறைத்துப் பெருமை பேசுவது நம் வேலையன்று. ஆயினும், அம் முறையில் ஒன்று இருந்தது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் மீண்டும் வாரியத்திற்குத் தகுதியற்றவராயினர். குலத்தால் விலக்கிய அச் சிறுமையை நீக்கி, கணக்கால் விலக்கிய அப் பெருமையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவ்வொரு விதியை இன்று நடைமுறைப்படுத்தினால், நம் நகராட்சி மன்றங்களில் எத்தனை இருக்கைகள் நிரம்பும்? எண்ணிப் பாருங்கள்.

தமிழன்பர்கள் இதனை அரசின் வேலையென்று ஒதுக்கிவிடலாகாது. மொழிக்காப்பு என்பது மேடைப்பேச்சு மட்டுமன்று. பழவந்தாங்கல் என்னும் பெயரில் ஒரு தாங்கல் இருக்கின்றது. வெட்டுவாங்கேணி என்னும் பெயரில் ஒரு கேணி இருக்கின்றது. அந் நீர்நிலைகள் எங்கே என்று கேட்பதும் தமிழ்த்தொண்டே. ஒவ்வொருவரும் தாம் வாழும் தெருவின் மழைநீர் எந்த ஏரிக்குச் சென்றது, இன்று எங்குச் செல்கின்றது என்பதை முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். மாநகராட்சிக்குத் தமிழில் எழுதி வடிகாற் கணக்கைக் கேளுங்கள்; தமிழிலேயே விடை வேண்டுமென்று வற்புறுத்துங்கள். நும் வீட்டில் 2003-இல் அமைத்த மழைநீர்க் குழி தூர்ந்திருந்தால் இவ் விடுமுறை நாளிலேயே திறந்து மணலை மாற்றுங்கள். அதற்கு உலக வைப்பகத்தின் ஒப்புதல் வேண்டுவதில்லை.

மழை வானத்தின் கொடை; அது தேங்கும் மண் முன்னோர் விட்டுச் சென்ற உடைமை. கடன் மட்டுமே நம் தலைமுறையின் ஈட்டம் என்று நாளை நம் மக்கள் சொல்லாதிருக்க வேண்டுமாயின், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இக் கணக்கைத் தெருத்தெருவாகக் கேட்கத் தொடங்குவோம்.